ஏழாவது கேள்வியும் ஒரு பரணி ஊறுகாயும்

"தெரியாது" என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தாராவியில் எங்கள் கல்லியில் (சந்துக்கு இங்கே அப்படித்தான் பேர்) தண்ணீர் ஏன் வரவில்லை, எந்த டாக்டர் கைராசிக்காரர், யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே பேசுகிறார்கள், எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்வேன். "பேச்சியக்காவைக் கேளு" என்கிற அந்தப் பேர்தான் என் சொத்து. (படிப்பு மூணாங்கிளாஸ். அதிலும் பாதி நாள் போகவில்லை.)

போன வருஷம் மாட்டுங்காவிலிருந்து வித்யா என்று ஒரு பெண் வந்தாள். காலேஜில் பெரிய படிப்புக்கு ஆராய்ச்சி செய்கிறாளாம். ஜனங்கள் போனில் என்ன பார்க்கிறார்கள், டிவி செய்தியில் என்ன கேட்கிறார்கள், அதை வைத்து என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிற வேலை.

"ஆன்ட்டி, பத்து நிமிஷம் டைம் கிடைக்குமா?" என்றாள்.

எனக்கு அறுபத்தெட்டு வயசு. ஆன்ட்டி என்று கூப்பிட்ட பிள்ளையிடம் எந்த மனுஷிக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரும்? டீ போட்டுக் கொடுத்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். ஆறு கேள்வி வரைக்கும் ஒரு குறையுமில்லை.

"ஏழாவது கேள்வி. லோக்கல் ட்ரெயின்ல ஊறுகாய் கொண்டு போகக்கூடாதுன்னு ரூல் வரப்போற செய்திய கேட்டீங்களா?"

கேட்டதே இல்லை. ஆனால் அடுத்த வீட்டு இசக்கி வாசல் நிலையில் சாய்ந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்து பத்து நாளாச்சே" என்றேன். "எண்ணெய் ஒழுகி ஒரு ஆபீசர் வெள்ளைச் சட்டை பாழாப் போச்சு. அதான் ரூல் போட்டுட்டாவோ."

அந்த ஆபீசரும் சட்டையும் எங்கிருந்து வந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. வித்யா ஒரு டிக் போட்டாள். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் இசக்கி கேட்டாள்.

"யக்கா, நெசமாவா சொல்லுதிய?"

"ஏட்டி, நான் என்னைக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

மறுநாள் குழாயடியில் அதுதான் பேச்சு. அதற்கு மறுநாள் எல்லார் போனிலும் அதுதான். கல்லி ரெண்டாகப் பிரிந்துவிட்டது. நல்ல ரூல்தான், எண்ணெய் நாத்தம் தாங்கலை என்று ஒரு கட்சி. ஏழைகள் வாய்ருசியில் கை வைக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. நான் ரெண்டு கட்சிக்கும் தலைவி. மூன்றாம் நாள் கேபிள் டிவிக்காரர்கள் மைக்கோடு வந்தார்கள். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு இசக்கி பேசினாள். "ஊறுகாய்க்குத் தடையா?" என்று அடியில் எழுத்து ஓடியதாக என் மருமகள் வாசித்துச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் வாஷியிலிருந்து மகள் கனகா போன் பண்ணினாள். வருஷா வருஷம் அவள் மாமியார் வீட்டுக்கு ஒரு பரணி மாங்காய் ஊறுகாய் கொண்டுபோவது என் வழக்கம்.

"அம்மா, இந்தத் தடவ ஊறுகா வேண்டாம். ரூல் போட்டுட்டாங்களாம், மெசேஜ் வந்திருக்கு. ஒரு ஆபீசர் சட்டையே பாழாயிடுச்சாம்."

என் ஆபீசர். என் சட்டை. ஆனால் மெசேஜில் பரணி மேல் சிவப்புக் கோடு போட்ட படமும் இருந்ததாம். படமே வந்துவிட்டதே. ஒருவேளை நான் முதலிலேயே நிஜமாகத்தான் கேள்விப்பட்டிருப்பேனோ என்று எனக்கே தோன்றிவிட்டது. நான் விட்ட புளுகு ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அதை முதலில் நம்பியவள் நான்.

அதற்காகச் சம்பந்தி வீட்டுக்குக் கைவீசிக்கொண்டு போக முடியுமா? மூணு கிலோ பரணியைப் பழைய வேட்டியில் சுற்றி, மேலே ஒரு குழந்தைக் குல்லாவை மாட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினேன். குர்லாவில் வண்டி மாறி லேடீஸ் டப்பாவில் (ரயில் பெட்டிக்கு இங்கே டப்பா) ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தேன். தாலாட்டுகூட முனகினேன். மான்குர்த் தாண்டியதும் ஒரு போலீஸ்காரி வந்து பக்கத்தில் நின்றாள்.

"பாப்பா எத்தனை மாசம்?" என்று சிரித்தபடி இந்தியில் கேட்டாள்.

குல்லாவை இழுத்து மூடினேன். "தீன் கிலோ" என்றேன், மூணு கிலோ என்று.

அந்த நேரம் பார்த்து வேட்டியில் சிவப்பாக எண்ணெய் ஊறியது. எதிர் சீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். போலீஸ்காரி முகம் மாறி, குல்லாவைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே மூடி. மூடியைத் திறந்தாள். டப்பா முழுக்கப் பெருங்காய வாசம்.

கையெடுத்துக் கும்பிட்டேன். "ரூல் தெரியும் மகளே, மன்னிச்சிரு."

"என்ன ரூல்?"

சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் மொத்த டப்பாவும் சேர்ந்துகொண்டது. அப்படி ஒரு ரூலே இல்லையாம். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள். "யார் சொன்னது உங்களுக்கு?"

"தெரியாது" என்றேன்.

என் ஆயுசில் முதல் தடவையாகத் தெரியாது என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு நிச்சயமாகப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான்.

ரெண்டு நாள் கழித்து வித்யா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, அந்த ஏழாவது கேள்வி நானே கட்டிவிட்டது. இல்லாத செய்திய யார் கேட்டேன்னு சொல்றாங்கன்னு பார்க்கறதுக்கு. மொதல்ல ரெண்டு மூணு பேர்தான் ஆமான்னாங்க. இப்போ எல்லாரும் ஆமாங்கறாங்க. சார் மொத்த பேப்பரையும் தூக்கிப் போடச் சொல்றார், எட்டு மாச வேலை. எங்க ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா காப்பாத்திடலாம். யார்னு உங்களுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க."

வாசல் நிலையில் வழக்கம்போல இசக்கி. என் சொத்து பூராவும் அந்த நிலையில் சாய்ந்து நின்றது. இன்னொரு தடவை தெரியாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்தப் பிள்ளை மூக்கை உறிஞ்சினாள்.

"நான்தான்" என்றேன். "ஆபீசர், சட்டை எல்லாம் நான் தச்சதுதான்."

இசக்கி சத்தமில்லாமல் போனாள். அடுத்த குழாய்த் தண்ணீர் வருவதற்குள் கல்லிக்கே தெரிந்துவிட்டது. (அவள் பரப்பியதில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு குணம் இருந்தது. அத்தனையும் உண்மை.) வித்யாவோ எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு செய்தி எந்த வாயில் பிறந்தது என்று கைகாட்டுகிற வாய்ப்பு எந்த ஆராய்ச்சிக்கும் கிடைக்காதாம். அவள் புஸ்தகத்தில் எனக்கென்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. பேர் போடக்கூடாது என்பதால் அதில் நான் பதினேழாம் நம்பர்.

இப்போதும் குழாயடியில் ஏதாவது சொன்னால், "யக்கா, இது பதினேழா, நெசமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இசக்கி குடத்தை நகர்த்துவாள். வாஷியிலோ மாமியார் முதற்கொண்டு ஊறுகாய்க்குப் பாப்பா என்றுதான் பேர். சித்திரை பிறந்ததும் கனகா போன் பண்ணி, "அம்மா, பாப்பா நல்லா இருக்கா?" என்றாள்.

நல்லா இருக்கு. இந்த வருஷம் நாலு கிலோ.