‘ஒரு மாதிரி’ ஒழிப்பு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு சொல்லிக்கொள்ளும்படி நடந்தது எங்கள் ஆஸ்பத்திரியின் ‘நர்ஸிங் சொல் சீரமைப்புக் குழு’ கூடியது மட்டும்தான். தலைவர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்கிறேன்.

அதுவரை நர்ஸுகள் நோயாளியைப் பற்றி மனம்போன போக்கில் எழுதிவந்தார்கள். அதிலும் மூன்றாம் வார்டு மூத்த சிஸ்டர், ‘ஆள் ஒரு மாதிரி இருக்கிறார்’ என்று எழுதிவிடுவார். அதைப் பார்த்ததும் டாக்டர்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவார்கள். எந்த மாதிரி, எத்தனை சதவீதம் என்று யாராவது கேட்டதுண்டா?

குழு கேட்டது. பதினோரு முறை கூடி, பிஸ்கட் தீரும்வரை விவாதித்து, நானூற்றுப் பன்னிரண்டு சொற்களை அங்கீகரித்தது. இனி கம்ப்யூட்டரில் அவற்றில் ஒன்றைத் தட்டலாம். சொந்தமாக ஓர் எழுத்துகூடச் சேர்க்க முடியாது. சிவப்புச் சொல்லைத் தட்டினால் டாக்டருக்கு மணி அடிக்கும், பச்சைச் சொல்லுக்கு அடிக்காது. ‘ஒரு மாதிரி’ ஒழிந்தது. எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் எனக்கே குடலிறக்க ஆபரேஷன், அதே மூன்றாம் வார்டில். மறுநாள் மத்தியானம் சிஸ்டர் கால்மாட்டில் நின்று என் முகத்தையே பார்த்தார். நாடி, பிரஷர், காய்ச்சல் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை.

“சார், நீங்க ஒரு மாதிரி இருக்கீங்க.”

அந்தச் சொல் ரத்தாகிவிட்டதை நினைவூட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். ஆனால் தலைவர் அதைக் காட்டிக்கொள்ளலாமா?

“அப்ப எதைத் தட்டட்டும்? உங்க பட்டியல்தானே, நீங்களே சொல்லுங்க.”

இருவருமாகத் தேடினோம். இருநூற்றுப் பதினேழாவதாக ‘சோர்வு, லேசானது’ அகப்பட்டது. பச்சைச் சொல். அதையே தட்டச் சொன்னேன். தட்டினார். தட்டிய கையோடு இரண்டு மாடி இறங்கி ஓடி, டாக்டரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். என் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் தாமதித்திருந்தால் நான் இல்லை என்றார் டாக்டர்.

வீடு திரும்பிய வாரமே குழுவைக் கூட்டினேன். லேசான சோர்வுக்காக ஒரு டாக்டரை இழுத்து வந்தது விதிமீறல் என்று ஒருமனதாக முடிவானது. பட்டியலில் இல்லாத காரணத்துக்காக ஓர் உயிரைக் காப்பாற்றியது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டு சிஸ்டருக்கு மெமோ போனது.

அதில் கையெழுத்து என்னுடையதுதான். கையெழுத்துப் போட ஆள் உயிரோடு இருந்தாக வேண்டுமே. அந்த ஏற்பாட்டையும் அவரேதான் செய்திருந்தார்.