மலைநாடு ஏறாத வாகனம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மச்சான் கார்த்திகனுக்கு,

இங்கே வாகனத்தைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே மெல்பேணில் நீரும் நிருஷாவும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பம்பலப்பிட்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். அந்தக் கடமை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை வட்ஸ்அப்பில் சொல்லலாமே என்று கேட்பீர். நான் அனுப்பும் குரல் செய்திகளை நீர் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக உம்முடைய மனைவி நிருஷாவே உமது அக்கா ஜெயராணியிடம் சொல்லியிருக்கிறாள். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. ஆறுதலாக இருந்து வாசியும்.

நீர் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். என் மகள் மயூரிக்கு நீர் எழுத வேண்டும். அவளுடைய வீட்டு வாசலைக் கண்ணால் கண்டபிறகும் அப்பா திரும்பிப் போனது வீம்பினால் அல்ல, மாமா விற்ற வாகனம் ஏறாததால்தான் என்று உமது கையெழுத்தோடு எழுத வேண்டும். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். ஜெயராணியே நம்பவில்லை, பக்கத்து சீற்றில் இருந்தவள்.

நடந்ததைச் சொல்கிறேன். லண்டன் மாப்பிள்ளை ஒருவரை நான் பேசி வைத்திருந்த நேரம் மயூரி வந்து, ஹட்டனுக்கு அங்காலே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தர்ஷனைத்தான் கட்டுவேன் என்று நின்றதும், "உன்ர மலையை நான் ஏறமாட்டன்" என்று நான் கத்தியதும் உமக்குத் தெரியும். கத்தியது கேட்காத பிளட் வீடு இந்த ஒழுங்கையில் இல்லை. கலியாணம் கொழும்பில் நடந்தபடியால் போய் ஆசீர்வதித்துவிட்டு வந்தேன். மலை மட்டும் ஏறவில்லை. ஒரு வருஷம் போயிற்று. கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது, ஆனால் போய்விட்டது. சும்மா போய் இறங்கினால் தோற்றுப்போனவன் போல இருக்கும், சொந்த வாகனத்தில் கம்பீரமாகப் போய் இறங்கினால் பார்க்க வந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பிளட்ஸின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நீர் விட்டுப்போன வாகனத்தை என் தலையில் கட்டினீர்.

கட்டும்போது என்ன சொன்னீர்? "அத்தான், டொக்டர் ஒராள் ஓடின வாகனம். மலைநாட்டுப் பக்கமே போகாதது." நானும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். இந்த நாட்டில் வாகனம் விற்கிற எவனும் அதைத்தானே சொல்கிறான். ஏன் போகவில்லை என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை. பின்கதவில் நாலு சில்லும் இழுக்கும் என்று வெள்ளி எழுத்தில் எழுதியிருந்ததை நான் ஒவ்வொரு காலையும் துணியால் துடைத்தேன். வெள்ளவத்தையில் ஏற்றம் எங்கே இருக்கிறது, காலி வீதி தோசைக்கல் மாதிரிக் கிடக்கிறது. தரிப்பிடத்திலிருந்து வெளியே வரும் சரிவுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே மலை. அதில் ஏறும்போதே இது முனகும். கீழ்மாடி ஷரீப் நானா ஒருநாள், "ஐயா, சத்தம் மட்டும்தான் மேல வருது, வாகனம் இன்னும் கீழதான்" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பயணத்துக்கு எலுமிச்சம்பழம் நசித்து, தேங்காய் உடைத்து, மகளுக்கென்று ஜெயராணி செய்த பயத்தம் பணியாரமும், மிளகாய்த்தூளும், ஒரு பலாப்பழமும், மருமகனுக்கு வேட்டியும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நான் பிறத்தியாருக்குக் குறைவில்லாமல் புதுச் சப்பாத்துப் போட்டிருந்தேன். அவிசாவளை வரைக்கும் வாகனம் ராஜா மாதிரி வந்தது. கித்துல்கலை தாண்டியதும் இளைக்கத் தொடங்கியது. கினிகத்தேனை ஏற்றத்தில் நான் மிதிக்கிறேன், மிதிக்கிறேன், இஞ்சின் கத்துகிறது, வாகனம் யோசிக்கிறது. எங்களை முதலில் பஸ் முந்தியது, அது இயல்பு. பிறகு பால் கொண்டுபோகும் லொறி முந்தியது. பிறகு கூரையில் அலுமாரி கட்டிய ஓட்டோ ஒன்று முந்தியது. முந்தியவன் சும்மா போனானா, நிற்பாட்டி இறங்கி வந்து, "அங்கிள், தல்லு கரண்ணத?" என்று கேட்டான். தள்ளிவிடவா என்கிறான், அலுமாரியை வைத்துக்கொண்டு. ஏசியை நிற்பாட்டினேன். கண்ணாடியை இறக்கினேன். "பலாப்பழத்தை இறக்கி வைப்பமோ?" என்று ஜெயராணி கேட்டாள்.

ஒருமாதிரி ஹட்டனைக் கடந்து தோட்டத்துப் பாதைக்கு வந்தோம். மழை பெய்து விட்டிருந்தது. கடைசி வளைவில் நிமிர்ந்து பார்த்தால் மேலே மயூரியின் வீடு, வாசலில் மயூரி, கையில் ஒரு துவாயை வைத்து ஆட்டுகிறாள். மிதித்தேன். முன்சில்லு இரண்டும் ஈர மண்ணில் சுற்றுகின்றன, பின்சில்லு இரண்டும் கலியாண வீட்டுக்கு வந்த பெரியமனிதர் போல ஒரு வேலையும் செய்யாமல் நிற்கின்றன. ஏறும், சறுக்கும். ஏறும், சறுக்கும்.

"இஞ்சேருங்கோ, இறங்கி நடப்பமே" என்றாள் ஜெயராணி.

"நடக்கவோ நான் வாகனம் வாங்கினனான்?" என்றேன்.

அதற்குள் அது தானாகவே சறுக்கிச் சறுக்கி, ஒரு தேத்தண்ணிக் கடை முற்றத்தில் வந்து நின்றது. அங்கே திருப்புவதற்கு மட்டும்தான் இடம் இருந்தது. திருப்பினேன். திருப்பிய பிறகு பார்க்க வேண்டுமே, இறக்கத்தில் அப்படி ஓடியது. திருத்திக்கொண்டு வருவோம் என்று சொல்லிக்கொண்டே கொழும்பு வந்து சேர்ந்தேன். வழிமுழுக்கப் பலாப்பழம் மணந்துகொண்டு வந்தது. இரவு மயூரி டெலிபோன் எடுத்து, "வீட்டை போய்ச் சேர்ந்திட்டியளோ, அப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு கோலும் இல்லை. மலை ஏறமாட்டேன் என்று சொன்னது நான், அதை நிறைவேற்றியது உமது வாகனம். பழி யாருக்கு?

பாமன்கடையில் இப்ஹாம் என்றொரு மெக்கானிக்கிடம் விட்டேன். காற்று வடிக்கும் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறது, நான் வாசித்துப் போட்ட ஞாயிறு மலரைக் கிழித்து. மூச்சு விட முடியாமல் இழுக்குமா வாகனம்? எலியை நீர்தான் குடிவைத்தீர் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அடுத்ததைக் கேளும். இப்ஹாம் கீழே படுத்து எழும்பி, "சேர், இது இப்ப ரெண்டு சில்லு வாகனம். பின்சில்லுக்கு இழுவ கொண்டுபோற ஷாப்ட கழட்டி ஈக்கிது. பெற்றோல் கியூ காலத்தில மிச்சம் புடிக்கக் கொஞ்சப் பேர் கழட்டினாங்க" என்றான். நெஞ்சு வேகிறது, மச்சான். பாதி வாகனத்தை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் பின்கதவில் விட்டீரே. ஊரானுக்கு இதைச் செய்திருந்தால் கெட்டிக்காரத்தனம், அக்காவின் புருஷனுக்குச் செய்யலாமா? வேறு ஷாப்ட் ஜப்பானில் இருந்துதான் வரவேண்டுமாம், எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாதாம்.

இவ்வளவுக்கும் உமது அக்கா உம்மை ஒரு சொல் சொல்லவிடுகிறாள் இல்லை. நீர் வீடு காலிபண்ணும்போது தந்துவிட்டுப் போன சாமான்களில் அந்த நீட்டு இரும்புத் தடியைப் பல்கனியில் குறுக்காகக் கட்டி உடுப்புக் காயப்போடுகிறோம். "எத்தினை ஈரச் சேலை போட்டாலும் வளையாது, தம்பி தந்தது" என்று ஒவ்வொரு நாளும் ஒரு பாட்டம் சொல்லிவிடுவாள். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கக் கூடாதென்று தீபாவளிக்குத் தீபாவளி நான் அதற்குப் பச்சைப் பெயின்ற் அடித்துவருகிறேன். உண்மையைச் சொல்லவேண்டும், நீர் தந்தவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஆகவே மயூரிக்கு உடனே எழுதும். எழுதும்வரை உமக்கும் எனக்கும் பேச்சில்லை. நிருஷாவுக்கு எங்கள் அன்பு, அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. எல்லாரும் நோய்நொடியின்றி நீடு வாழ்க, நீர் உட்பட.

இப்படிக்கு,
உமது அத்தான்,
பாலசுந்தரம்

பி.கு: ஒட்டின கடிதத்தை உரித்து எழுதுகிறேன். எலிக்கூட்டை எடுத்து வாகனத்தைக் கொண்டுவந்த இப்ஹாமை, மேலே வந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பல்கனியைப் பார்த்தவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். தடியில் காய்ந்துகொண்டிருந்த என் சாரத்தை மெதுவாக ஒதுக்கி, தடியின் இரண்டு அந்தத்தையும் தடவிப் பார்த்து, "சேர், ஷாப்டுக்கு ஏன் பச்சப் பெயின்ற் அடிச்ச?" என்று கேட்டான். ஜெயராணி குசினியிலிருந்து, "தம்பி அப்பவே சொன்னவன், இது வாகனத்தின்ர, அத்தானிட்டைச் சொல்லுங்கோ எண்டு. நான் சொல்ல நீங்கள் கிரிக்கெற்றைப் பாத்துக்கொண்டு ஓம் ஓம் எண்டனீங்கள்" என்றாள். அதனால் மேலே உம்மைப்பற்றி எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். புதுத்தாளில் எழுத எனக்கு மனத்தென்பில்லை.

மயூரிக்கும் நீர் எழுத வேண்டாம். நானே அவளுக்கு டெலிபோன் எடுத்தேன். வாகனம், எலி, ஷாப்ட் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். "வாகனத்தை ஆரப்பா கேட்டது? நீங்கள் சறுக்கிறதைப் பாத்திட்டு நான் குடையோட ஓடி வந்தனான். வளைவுக்கு வந்து பாக்க உங்கட சில்லுத் தடம்தான் கிடந்தது" என்றாள். மகள் இறங்கி வந்த தூரத்தை, மச்சான், நான் ஏறி நடந்திருக்கலாம். அதற்கு ஷாப்ட் தேவையில்லை.

சனிக்கிழமை திரும்பப் போகிறோம். அதற்குள் ஷாப்டை மாட்டித் தருவேன் என்கிறான் இப்ஹாம். மாட்டினாலும் சரி, விட்டாலும் சரி. உடுப்புக் காயப்போடத்தான் வழியில்லை, உமது புது வாகனத்தில் தேவைப்படாத தடி ஏதும் இருந்தால் அனுப்பிவைக்கவும். இந்தமுறை நான் சப்பாத்துப் போடவில்லை. நடக்க வசதியாகச் செருப்புத்தான்.