கிரீடம் தொப்பியா?

உலகத்தில் சமத்துவம் என்று ஒன்று உண்டென்றால், அது எங்கள் முன்னாள் படைவீரர் கிளப்பின் வாசலில்தான் இருக்கிறது. வாழைத்தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எங்கள் சின்ன ஊரில், பிரதமரே வந்தாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். மறந்து வந்தால் மணி அடிப்போம். உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் செலவில் பீர். எல்லாம் போரில் மாண்டவர்களுக்கு மரியாதை. கிளப்பின் செயலாளர் என்ற முறையில் அந்த மரியாதையைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வருபவன் நான்.

சென்ற வெள்ளிக்கிழமை மெர்வ் டல்லக்கை அடக்கம் செய்தோம். பிறகு கிளப்பில் தேநீரும் சாண்ட்விச்சும். சவப்பெட்டிக்கு முன்வரிசையில் தோள் கொடுத்தவர் குர்தேவ் சிங், மெர்வின் பக்கத்துத் தோட்டக்காரர். அவர் இதுவரை கிளப் பக்கமே வந்ததில்லை. மெர்வ்தான் மாலையானால் வேலி தாண்டி அவர் வீட்டுக்குப் போய்விடுவாரே! பெட்டி தூக்கிய மற்றவர்கள் எல்லோரும் உள்ளே போனார்கள். குர்தேவ் மட்டும் தலைப்பாகையோடு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"குர்தேவ், தப்பா நெனக்காத. விதி."

"மெர்வைத் தூக்கின தோள் இது. தலை மட்டும் ஆகாதா?"

"தோளைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லப்பா."

"சரி, மணியை அடி. எல்லாருக்கும் நானே பீர் வாங்கறேன்."

"தாராளமா வாங்கலாம். வாங்கின பிறகும் அது தலையிலயே இருக்குமே!"

அவர் பையிலிருந்து ஒரு டாலர் நாணயத்தை எடுத்து நீட்டினார். மறைந்த அரசியின் முகம். "இந்தம்மா தலையில என்ன?"

"கிரீடம்."

"உள்ள கல்லாப்பெட்டியில இவங்க எத்தனை பேர் உக்காந்திருக்காங்க? ஒருத்தருக்காவது மணி அடிச்சியா?"

கிளப்பின் அஸ்திவாரத்தையே அசைக்கும் கேள்வி. உடனே பின்னறையில் 'அவசரக் கூட்டம்' கூட்டினோம்: தலைவர் கிளாரி, பொருளாளர் ட்ரெவர், நான். பாரைக் கவனிக்கும் டெனீஸ் கல்லாப்பெட்டியைத் தூக்கி வந்து மேஜைமேல் 'டங்' என்று வைத்தாள்.

ட்ரெவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சில அரசிகளுக்குச் சின்னக் கிரீடம், சில அரசிகளுக்குப் பெரிய கிரீடம். "அஞ்சு டாலர் நோட்டுல மட்டும் வெறுந்தலை," என்றார். "நோட்டுக்கு மரியாதை தெரியுது. சில்லறைக்குத்தான் தெரியல."

"புது ராஜாவைப் பாரு," என்று கிளாரி பளபளப்பான நாணயம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "தலையில ஒண்ணுமே இல்ல. வாசல்ல நாம மாட்டியிருக்கற விதி போர்டைப் படிச்சுட்டு வந்த மாதிரி இருக்காரு."

"அப்ப அந்தம்மாவை வெளிய அனுப்பிடலாமா?" என்றாள் டெனீஸ். "இல்ல, எல்லாருக்கும் பீர் வாங்கச் சொல்லுங்க. காசுக்கு அவங்ககிட்ட குறைச்சலா?"

நீண்ட விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'கிரீடம் என்பது தொப்பி அன்று. அது முன்னோர் வழி வந்தது. அணிந்தவரின் கடமையைக் குறிப்பது. நினைத்தபோது கழற்றி வைக்கக்கூடியது அன்று. ஆகவே அது மரியாதைக்குறைவு ஆகாது, மரியாதைக்கு உரியது.'

"வெளிய நிக்கற மனுஷனோட தலைப்பாகையும் இதேதானேய்யா!" என்றாள் டெனீஸ்.

"அது இன்னைக்குக் கூட்டத்தோட பொருள் இல்ல," என்றார் கிளாரி.

டெனீஸ் எங்களை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து, கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனாள். நாங்கள் தீர்மானத்தில் ஓர் அரைப்புள்ளியைத் திருத்திவிட்டு, அதைச் சபையில் அறிவிக்கக் கம்பீரமாக முன்னறைக்கு வந்தோம்.

சபை இல்லை. சாண்ட்விச் தட்டுகளும் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். குர்தேவின் சரக்கு வண்டியின் பின்பலகையை இறக்கி, அதன்மேல் கோப்பைகளை வைத்து மெர்வின் மனைவி நோலீன் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் கோப்பை குர்தேவுக்கு. டெனீஸ் தட்டு ஏந்திச் சுற்றிவந்தாள். ஊரே அங்கே நின்றது. நல்ல வெயில் என்பதால் எல்லோரும் தொப்பி போட்டிருந்தார்கள். யாரோ மெர்வைப் பற்றி ஏதோ சொல்ல, நோலீன் அழுதுகொண்டே சிரித்தாள்.

கிளாரி காலி அறையைப் பெருமிதத்தோடு சுற்றிப் பார்த்தார். "கவனிச்சியா? உள்ள ஒரு தொப்பிகூட இல்ல."

உண்மைதான். எங்கள் விதி இவ்வளவு பூரணமாகக் கடைப்பிடிக்கப்பட்ட நாள் வேறில்லை. மெர்வை வழியனுப்ப அந்த மண்டபத்தில் மிஞ்சியவை மூன்றே தலைகள். மூன்றின் மேலும் ஒன்றும் இல்லை. மூன்றின் உள்ளேயும் ஒன்றும் இல்லை.