குசினி கொஞ்சம் இருட்டு

எனக்குக் கனவு காண நித்திரை தேவையில்லை. ஒரு யன்னல் போதும். யன்னலுக்கு வெளியே ஒரு வாழையிலை ஆடினால் அன்றைய வேலை முழுவதும் பாழ். பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் இறங்குவேன். அடுப்பில் பால் வைத்தால், அது பொங்கி வழிந்து அடிப்பிடித்து மணக்கும்போதுதான் பால் வைத்த ஞாபகம் வரும். (இந்தக் குணத்துக்கு என் கணவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். அதை அச்சில் போட முடியாது.) இப்படிப்பட்டவளை வீடு பார்க்கத் தனியே விட்டது அவருடைய பிழை என்றுதான் இன்றுவரை வாதாடி வருகிறேன். ஒருவரும் ஏற்றுக்கொள்வதாக இல்லை.

அப்போது நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருந்தோம். பிள்ளைகள் இல்லை, நானும் அவரும்தான். கடற்பக்கத்து வீடு என்று சொல்லித்தான் தந்தார்கள். கடல் இருந்தது உண்மை. ஆனால் அதற்கும் எங்களுக்கும் நடுவே ரயில் ஓடியது. ஒவ்வொரு ரயிலுக்கும் அலுமாரிக்குள் கோப்பைகள் எல்லாம் கூடிக் கதைக்கும். அவர் ஓய்வு பெற்றதும், ஊர்ப்பக்கம் ஒரு அமைதியான இடத்தில் சின்ன வீடு வாங்கிப் போய்விடுவது என்று முடிவு செய்தோம். யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் ஒன்று இருப்பதாக ஒரு தரகர் சொன்னார். நான் அன்றிரவே அந்த வீட்டில் குடியேறிவிட்டேன், மனதால்.

வீடு பார்க்க வான் வண்டியில் போகும்போது அவர் எனக்குப் பாடம் எடுத்தார்.

“இஞ்சேரும், வீடு பிடிச்சாலும் முகத்திலை காட்டாதையும். நல்லம் எண்டு உம்மடை வாயிலை ஒரு சொல்லு வந்தால் விலை மேலை போயிடும். எதைக் கண்டாலும் ஒரு குறை சொல்லும்.”

“பிடிச்சதை எப்பிடியப்பா பிடிக்கேல்லை எண்டு சொல்லுறது?”

“என்ரை சமையலைப் பற்றி எத்தினை வருசமாக் குறை சொல்லுறீர்? அது மாதிரித்தான்.”

பிள்ளையார் கோயிலடியில் என்னை இறக்கிவிட்டு, சந்தியில் நிற்கும் தரகரை ஏற்றி வரப் போனார். “கோயிலுக்குப் பின்னாலை ரண்டாவது ஒழுங்கை, பச்சைப் படலை. ஆனால் நான் வருமட்டும் இதிலையே நில்லும்” என்றுதான் சொன்னார். கைபேசியை வண்டியிலேயே விட்டுவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நான் நிற்கத்தான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. சிவந்த மண், இரண்டு பக்கமும் கதியால் வேலி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் வாழைக்குலை. தூரத்தில் ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் சத்தம். காற்று வந்தபோது பனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சரசரத்தன. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு மௌனம் இருந்தது பாருங்கள், அதை வெள்ளவத்தையில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அப்படியே மிதந்துகொண்டு போனேன். பச்சைப் படலை வந்தது. திறந்தேன். அது முதலாவது ஒழுங்கை. (ஊரில் பாதிப் படலைகளுக்குப் பச்சைப் பெயின்ற் அடிப்பார்கள் என்று எனக்கு ஆர் சொன்னது?)

“வாங்கோ, வாங்கோ! கொழும்பிலையிருந்துதானே? உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்” என்று ஓடி வந்தார் வீட்டுக்காரி. பெயர் மகேசக்கா என்று பிறகு அறிந்தேன். கணவனை இழந்தவர், ஒரே மகள் துளசியுடன் அந்த வீட்டில் இருந்தார். “தனியவோ வந்தனீங்கள்?”

“அவர் தரகரைக் கூட்டிக்கொண்டு வாறார். நான் வீட்டைப் பாப்பம் எண்டு முந்தி வந்திட்டன்.”

“பாருங்கோ, நல்லாப் பாருங்கோ. வீட்டைப் பாக்கத்தானே வந்தனீங்கள்.”

துளசி கசங்காத சேலையில், தலையில் பூவுடன் நின்றாள். இந்த ஊரில் பிள்ளைகள் வீட்டிலும் எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறார்கள் என்று வியந்தேன். என்னுடைய மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

ஓட்டு வீடு. உள்ளே போனதும் குளிர்ந்த சிவப்புச் சிமெந்து நிலம். செருப்பைக் கழற்றி அதில் கால் வைத்தபோது உடம்பில் இருந்த கொழும்பு முழுவதும் வழிந்து போயிற்று. மேற்குப் பக்க யன்னலால் மாமரத்தின் நிழல் உள்ளே விழுந்து சுவரில் அசைந்துகொண்டிருந்தது. அங்கே கிடந்த சாய்மனைக் கதிரையில் இருந்தேன். இருந்ததும் கண் சொருகிற்று. அந்த யன்னலடியில் என் தையல் மெசினை வைத்தேன். முற்றத்தில் ஒரு செம்பருத்தி நட்டேன். மாரி மழை வந்தது. இவர் விறாந்தையில் நின்று மழையை அளந்து பார்ப்பதுபோல் பார்த்தார். நாங்கள் அங்கே சண்டை பிடித்தோம், சமாதானமானோம், முடி நரைத்தோம். ஒரு வாழ்க்கை முழுவதையும் அந்தக் கதிரையில் இருந்தபடியே வாழ்ந்து முடித்தேன். அப்போதுதான் கணவர் எடுத்த பாடம் ஞாபகம் வந்தது.

“குசினி கொஞ்சம் இருட்டு” என்றேன், அடுப்படியை எட்டிப் பார்த்து.

மகேசக்காவின் முகம் வாடிற்று. “ஒரு யன்னல் வெட்டித் தாறம்.”

“கிணறு தூரமாக் கிடக்கு.”

“மோட்டர் பூட்டிக் குழாய் இழுத்துத் தாறம்.”

“பாத்ரூம் வெளியிலையோ?”

“உள்ளுக்கை ஒண்டு கட்டித் தாறம். கொஞ்சம் தவணை மட்டும் தந்தால் போதும்.”

நான் மலைத்துப் போனேன். வெள்ளவத்தை வீட்டுக்காரரிடம் பல்ப் மாற்றித் தரச் சொல்லி மூன்று மாதம் நடந்தவள் நான். இங்கே என்னவென்றால், வீட்டை விற்கிறவர்கள் கேட்டதெல்லாம் கட்டித் தருகிறார்கள்! யாழ்ப்பாணத்தார் பற்றி ஏன் வீணாகக் குறை சொல்கிறார்கள் என்று கோபம்கூட வந்தது. (நானும் யாழ்ப்பாணத்தாள்தான். மறந்துவிட்டேன்.) இதற்குள் பயத்தம் பணியாரமும் முறுக்கும் பால் தேத்தண்ணியும் வந்தன. வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

“இந்த வடக்குப் பக்கச் சுவரை இடிச்சால்தான் காத்து வரும்” என்றேன், வாயில் பணியாரத்துடன்.

“சுவரை இடிச்சால் காத்தோடை கூரையும் வரும் அன்ரி” என்றாள் துளசி. தாய் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்து நான் கேட்டதுதான் கேள்வி. இன்றைக்கும் அதை நினைத்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைக்க வேண்டும்போல் இருக்கும். மகேசக்காவின் கையை அன்போடு பிடித்துக்கொண்டு கேட்டேன்: “அப்ப நீங்கள் எப்ப வீட்டை விட்டு எழும்புவியள்?”

அவர் சுவரில் அசைந்த நிழலைப் பார்த்தபடி நின்றார்.

“நான்... பின்னாலை சாய்ப்பாய் ஒரு பத்தி இறக்கிக்கொண்டு இருக்கலாம் எண்டு நினைச்சனான்.”

“ஐயோ, அது சரிவராதக்கா. எங்களுக்கு வெறும் வீடாத்தான் வேணும்.”

அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன. விற்கிற வீட்டில் இவ்வளவு பாசமா என்று எனக்கும் நெஞ்சு இளகிற்று. “சரி, பிள்ளை நல்லாயிருந்தால் போதும். நான் தங்கச்சி வீட்டை போறன்” என்று அவர் மெல்லச் சொன்னதுதான் தாமதம், துளசி கையில் இருந்த தட்டத்தை நிலத்தில் வைத்தாள்.

“அம்மாவை வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டு எனக்கு ஒரு கலியாணமும் வேண்டாம்! போய் உங்கடை பெடியனிட்டைச் சொல்லுங்கோ!”

“எந்தப் பெடியன்?” என்றேன். “எனக்குப் பிள்ளையே இல்லையே!”

அந்த நேரம் பார்த்துப் படலையடியில் ஒரு அம்மா வந்து நின்றார். பட்டுச்சேலை, கையில் குடை, மூக்கில் வைரம். துளசி சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்திருந்தது.

“கலியாணம் வேண்டாமோ? அப்ப என்னை ஏன் கொழும்பிலையிருந்து கூப்பிட்டனீங்கள்? மாப்பிள்ளையின்ரை பெரியம்மா நான்தான். உவ ஆர்?”

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. சேலை, பூ, பணியாரம், கட்டித் தருவதாகச் சொன்ன பாத்ரூம் எல்லாம் ஒன்றாக வந்து தலையில் விழுந்தன. இது விற்கிற வீடே இல்லை. துளசிக்குக் கொடுக்கப்போகிற சீதன வீடு. மாப்பிள்ளை பகுதி பார்க்க வர இருந்த வீட்டை நான் முந்திக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

“நான்... வீடு வாங்க வந்தனான்” என்றேன்.

“ஓகோ! விக்கப்போற வீட்டையோ எங்கடை பிள்ளைக்குச் சீதனமாக் காட்டுறியள்?” என்று பெரியம்மா திரும்பி நடக்கத் தொடங்கினார். மகேசக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய்ப் பெரியம்மாவின் குடையைப் பிடித்துக்கொண்டேன். (கையைப் பிடிக்கத்தான் போனேன். குடைதான் அகப்பட்டது.) அந்த இழுபறியில்தான் என் கணவரும் தரகரும் என்னைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

“எங்கடை வீடு அடுத்த ஒழுங்கையெல்லோ!” என்று தரகர் தலையில் கைவைத்தார்.

பெரியம்மா நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரி, நீங்கள்தானே முழுக்கப் பாத்தனீங்கள். வீடு எப்பிடி?”

நான் அழுதுவிட்டேன். விலையைக் குறைக்கத்தான் குறை சொன்னேன், இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை, அந்தக் கதிரையில் இருந்து பாருங்கள், காலை அந்த நிலத்தில் வைத்துப் பாருங்கள், இங்கே ஒருவர் வயதாகிப் போனால்கூட வலிக்காது என்றெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். என் கணவர் தரகரைப் பார்த்து, “இவவைத்தான் நான் குறை சொல்லப் பழக்கினனான்” என்றார்.

பெரியம்மா உள்ளே வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தார். நெடுநேரம் யன்னலைப் பார்த்தார். பிறகு துளசியைக் கூப்பிட்டார்.

“அம்மா போனால் கலியாணம் வேண்டாம் எண்டு சொன்னது நீதானே?”

“ஓம்” என்றாள் அவள், தலையைக் குனியாமல்.

“எங்கடை பெடியன் சின்னனிலையே தாயைப் பறிகுடுத்தவன். ஒரு தாய் இருக்கிற வீடு எண்டுதான் நான் இஞ்சை வந்தனான். அவவை எழும்பச் சொல்ல நாங்கள் ஆர்?” என்றவர், தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். “ஆனால் குசினி இருட்டுத்தான்.”

மகேசக்கா அழுதுகொண்டே சிரித்தார். அவருடைய சிரிப்பை முதல்முதலாக அப்போதுதான் பார்த்தேன்.

கலியாணம் நடந்தது. நாங்கள் அடுத்த ஒழுங்கை வீட்டை வாங்கினோம். அங்கேயும் பனைகள் சரசரக்கின்றன; நானும் பாலைப் பொங்க விடுகிறேன். ஆனால் நான் தேடி வந்த அமைதிதான் முழுதாகக் கிடைக்கவில்லை. காரணம், என் புகழ் ஊர் முழுவதும் பரவிவிட்டது. எந்த வீட்டில் கலியாணப் பேச்சு நடந்தாலும் படலையடியில் யாராவது வந்து கூப்பிடுகிறார்கள்: “அக்கா, நாளைக்கு மாப்பிள்ளை பகுதி வீடு பாக்க வருது. இண்டைக்கு ஒருக்கா வந்து உள்ள குறையெல்லாம் சொல்லிப்போட்டுப் போங்கோ. நீங்கள் சொல்லி முடிச்சால் அவையளுக்குச் சொல்ல ஒண்டும் மிஞ்சாது.”

நானும் போகிறேன். சுவரைத் தட்டிப் பார்க்கிறேன், கிணற்றை எட்டிப் பார்க்கிறேன், பணியாரம் சாப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் நான் சேலையை மாற்றிக்கொண்டு வெளிக்கிடும்போது, விறாந்தையில் இருக்கிற என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே சொல்வார்:

“போயிட்டு வாரும். ஆனால் வீட்டுக்காரியைக் கலைச்சுப்போடாதையும்.”