முன்னால் போன பேட்டரிகள்

படகிலிருந்து மனைவியை இறக்கிவிடுவது என்று கேப்டன் முடிவு செய்தார். நேருக்கு நேர் சொல்லத் துணிச்சல் இல்லை. அதனால் அறிவியலைத் துணைக்கு அழைத்தார்.

கேப்டன் என்பது தெரு வைத்த பெயர். காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர், ஒரு வெள்ளைத் தொப்பியும் சின்ன மோட்டார் படகும் வாங்கினார். தொப்பி கொஞ்சம் பெரிது, படகு கொஞ்சம் சிறிது. பின்னால் இன்ஜின், அதன் கைப்பிடியைப் பிடித்தபடி அவர். முன்பலகையில் மனைவி. அவள் ஏரியைப் பார்த்து உட்கார மாட்டாள். ஏரிக்கு முதுகைக் காட்டி, அவரையே பார்த்துக்கொண்டு வருவாள்.

"வெடுக்குன்னு திருப்பாதீங்க. வேகத்தைக் குறைச்சிட்டுத் திருப்புங்க."

"தலையைக் குனி. எனக்கு வழி தெரியணும்."

வீட்டில் அவர் பேச்சுக்கு நாற்காலிகூட நகராது. அவர் சொன்ன பக்கம் திரும்புவது உலகத்திலேயே அந்தக் கைப்பிடி ஒன்றுதான். அந்த ஒரு சாண் ராஜ்யத்தையாவது நிம்மதியாக ஆள வேண்டும் என்பது அவர் ஆசை.

"படகு பின்னால அமுங்குது, கவனிச்சியா?" என்று சமையலறை வாசலில் நின்று ஆரம்பித்தார்.

"கவனிச்சேன். மூக்கு வானத்தைப் பாக்குது."

"எடை சமமா இல்ல. பேட்டரி ரெண்டும் பின்னால கெடக்கு. தூக்கி முன்னால வைக்கணும்."

"முன்னால எங்க?"

"உன் பலகையை எடுத்துட்டு..." கேப்டன் தொண்டையைச் செருமினார். "எனக்கும் வருத்தம்தான். எடை விஷயம். நாம என்ன பண்ண முடியும்?"

அவள் தட்டைத் துடைத்து அடுக்கினாள். "எடை சொன்னா கேட்டுத்தானே ஆகணும். ஒரு பேட்டரி எவ்வளவு கனம்?"

"இருபது கிலோ."

"ம்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒற்றை 'ம்'மில் அவர் எத்தனையோ முறை வழுக்கி விழுந்திருக்கிறார். அன்று வெற்றி காதை அடைத்திருந்தது.

படகு மெக்கானிக் வந்தார். பலகையைக் கழற்றினார். பேட்டரிகளை முன்னால் வைத்து, இன்ஜின் வரைக்கும் தடித்த கேபிள் இழுத்து, மேலே மரப்பெட்டி போட்டு மூடினார்.

"மூடி நல்ல கெட்டி சார். ஆள் உக்காந்தாலும் தாங்கும்."

"யாரும் உக்காரப் போறதில்லை."

"அக்கா கெட்டியா போடச் சொன்னாங்க சார்."

அதையும் கேப்டன் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை தன்னந்தனியாகப் புறப்பட்டார். வேகம் பிடித்ததும் மூக்கு பழையபடி வானத்தைப் பார்த்தது. எதிரே ஏரி இருக்கிறதா என்றே தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தால், பின்னால் துரத்தி வந்த அலை ஏறி மடியில் உட்கார்ந்தது. நனைந்த தொப்பியோடு துறைக்குத் திரும்பினார். அங்கே மெக்கானிக்கும், பக்கத்தில் அவளும்.

"என்னப்பா, பேட்டரியை மாத்தியும் அமுங்குதே?"

"பின்னால இன்னும் கனம் இருக்கு சார்."

"இன்ஜினைத் தவிர அங்க ஒண்ணுமே இல்லையே?"

மெக்கானிக் ஏரியின் மறுகரையை ஆராய்ந்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

"ஏங்க," என்றாள் அவள், "நீங்க எவ்வளவு கனம்?"

"அது எதுக்கு இப்ப?"

"நாலரை பேட்டரி தேறுவீங்க. நீங்களும் முன்னால போயிடுங்க. எனக்கும் வருத்தம்தான். எடை விஷயம்."

"நான் முன்னால போனா யாரு ஓட்டுறது?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பொத்தானை ஒருமுறை அழுத்தினாள். அவருக்கு மூன்று முறை இருமிக் காட்டும் இன்ஜின், அவளுக்கு உடனே பாடியது.

"உனக்கு எப்படி இதெல்லாம்..."

"இத்தனை நாளா எதிர்ல உக்காந்து என்னத்தைப் பாத்தேன்னு நெனச்சீங்க?"

தன் முகத்தை என்றுதான் நினைத்திருந்தார். கையைப் பார்த்திருக்கிறாள். காலை வெயிலில் ஏரி முழுவதும் மினுங்கிக் கிடந்தது. அவருக்கு அதைப் பார்க்க மனம் வரவில்லை. பேட்டரிப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தார். மூடி தாங்கியது. படகு நீரின் மேல் தட்டு வைத்ததுபோல் சமமாக நின்றது.

"இப்பதான் சார் சரியா இருக்கு," என்றார் மெக்கானிக்.

படகு கிளம்பியது. கேப்டன் மிச்சமிருந்த மானத்தைத் திரட்டித் தொப்பியை நிமிர்த்தி வைத்தார்.

"அதைக் கழட்டிட்டுத் தலையைக் குனிங்க," என்றாள் அவள். "எனக்கு வழி தெரியணும்."