‘விடு’ன்னு சொன்னது யாரு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மொட்டைமாடியில் தேங்கிய தண்ணீரைக் கீழே இறக்கணும்.

பெரிய மழை வருதுன்னு ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் பெய்த சின்ன மழைக்கே என் மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர். கீழே படுக்கையறைச் சுவர் வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

பிளம்பர் ஏழுமலை வந்து, தெருப்பக்கச் சுவரில் இறங்கும் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"அடியில அடைச்சிக்கினு இருக்குது சார். இத்த வெட்டிட்டுப் புதுசு போட்டாத்தான் ஆவும்."

"நான் ஏதாவது செய்யட்டுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெளிநாட்டில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்ற யோசனை.

"மாடி ஓட்டையில ஒரு துணிய அடைச்சுட்டு அங்கயே இருங்க. நான் கீழ வேலைய முடிச்சுட்டு விடச் சொல்லுவேன். அப்போ துணிய எடுத்தா போதும்."

இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. பழைய பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அதே நேரம் தெருவில் எதிர்வீட்டு தேவகி அக்கா பாவு நீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இது தினசரிக் காட்சி. புடவையின் நீளவாக்குப் பட்டு இழை மொத்தத்தையும் தெருவில் இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். அன்றைக்கு நீட்டியது ஒரு முகூர்த்தப் புடவைக்கு. மழை பிடித்துவிட்டால் தெருவில் பாவு நீட்ட முடியாது, தறி சும்மா நிற்கும், கல்யாணம் நிற்காது. அக்கா அவசரத்தில் இருந்தார்.

நான் குனிந்து, ஓட்டைக்குள் கையை விட்டு, பனியனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணுக்கு முன்னால் கைப்பிடிச்சுவர் மட்டும்தான். நல்ல சுவர். வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன்.

கீழிருந்து குரல் வந்தது.

"விடு... இன்னும் கொஞ்சம் விடு..."

ஏழுமலை என்னை எப்போதும் ‘விடுங்க சார்’ என்றுதான் சொல்வார். குரல்கூடக் கொஞ்சம் மெல்லிசாக இருந்தது. ஆனால் நீ, நீங்க என்ற பேதமே இல்லாத பாஷையில் இவ்வளவு காலம் உத்தியோகம் பார்த்தவன் நான். மரியாதைக் குறைவைப் பெரிதுபடுத்தவில்லை.

விட்டேன்.

குழாய் ஒரு தடவை இருமியது. அப்புறம் குபுகுபுவென்று இறங்கியது. எனக்கு ஒரே பெருமை.

கீழே ஏழுமலை அப்போதுதான் புதுக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தாராம். வெட்டிய இடத்தில் எல்போ என்கிற வளைவுத் துண்டை மட்டும் மாட்டி வைத்திருந்தார். அது தெருவைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே பாவு.

"சார், மூடு! மூடு!"

இந்த முறை எனக்குச் சுருக்கென்றது. விடு என்றதைப் பொறுத்துக்கொண்டேன். நான் பாட்டுக்கு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது மூடு என்றால் என்ன அர்த்தம்?

"ஏழுமலை, மரியாதையா பேசுங்க" என்று கத்தினேன்.

"மூடுங்க சார்... ஓட்டைய!"

அவசரமாகப் பனியனைத் திணித்தேன். தண்ணீர் இழுத்த இழுப்பில் அது என் கையை விட்டுக் குழாய்க்குள்ளேயே போய்விட்டது.

சத்தம் நின்றது. தண்ணீரும் நின்றது. பனியன் நேராக இறங்கி எல்போவில் அடைத்துக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சு. இன்னா சார் பண்ணீங்க?"

"மூடினேன்" என்றேன், கௌரவமாக.

கீழே ஓடினேன். பாவை மறைத்தபடி எல்போவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார் ஏழுமலை. வந்த கறுப்புத் தண்ணீர் முழுக்க அவர் முதுகில். சட்டையில் ஒரு அரச இலை.

தேவகி அக்கா பாவின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். நான் அவர் பின்னாலேயே நடந்தேன்.

"இந்த முனைதான் நனைஞ்சிருக்குது. இது எப்படியும் வெட்டிக் கழிக்கிறதுதான்" என்றார் கடைசியில். "ஏன் தம்பி, உன்னை யாரு விடச் சொன்னது?"

அந்த மெல்லிசுக் குரல் யாருடையது என்று அப்போதுதான் புரிந்தது. "நீங்கதான்கா."

"நான் எங்க வீட்டுக்காரர இல்ல சொன்னேன்? அந்தாண்ட முனைய ரொம்ப இழுத்துக்கினு இருந்தாரு."

அந்த முனையிலிருந்து அவர் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "முப்பது வருசமா இவ சொல்றத ஒரு தடவைல நான் கேட்டதில்ல. நீ ஒருத்தன்பா உடனே கேட்டவன்."

சாயங்காலத்துக்குள் ஏழுமலை குழாயைப் போட்டு முடித்தார். பனியனை மட்டும் வெளியே எடுக்க அரைமணி நேரம் ஆனது.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் பாவு நீட்டுவதற்கு முன்னால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. தம்பி வீட்டில் இருக்குதா என்றுதான் விசாரிக்கிறார்கள்.