லேப்டாப்புக்கு வேர்க்கிறது

தலையே போனாலும் மேஜை ஃபேனை மீட்டே தீருவது என்று வரைபடக்காரர் பல் துலக்கும்போதே முடிவுகட்டிவிட்டார். வாயில் நுரை இருந்ததால் சபதத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. சமையலறையில் இருந்த மனைவியின் காதில் விழுந்திருந்தால் சபதம் வாஷ்பேசினோடு முடிந்திருக்கும்.

இருவருக்கும் வீட்டிலேயேதான் பிழைப்பு. அவர் ஒரு என்ஜினீயருக்காக லேப்டாப்பில் வீட்டு வரைபடம் போடுகிறவர். எந்தப் பக்கம் ஜன்னல் வைத்தால் காற்று பிய்த்துக்கொண்டு வரும் என்று ஊருக்கெல்லாம் புட்டுப்புட்டு வைப்பார். அவருடைய அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். மனைவி பிறந்தநாள் கேக் செய்து விற்கிறவள். ஓவனைப் போட்டால் சமையலறை கொதிக்கும், கேக் மேல் தடவிய கிரீம் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். கூரையில் தொங்கும் ஃபேன்கள் ஒப்புக்குச் சுற்றுபவை. உருப்படியாகக் காற்று தருவது அந்த மேஜை ஃபேன் ஒன்றுதான்.

வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து அது அவர் வசம்தான் இருந்தது. மனைவி கேட்டால் அவரிடம் ஒரே பதில்.

"எனக்காகவா கேக்குறேன்? லேப்டாப் சூடாகுதும்மா. அது படுத்துட்டா பிழைப்பே படுத்துடும்."

ஃபேன் என்னவோ அவர் கழுத்தைப் பார்த்துத்தான் நிற்கும். லேப்டாப்புக்கு மிச்சம் மீதி போயிருந்தால் உண்டு.

நேற்று மனைவி ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே சரிவான ஒரு பலகை. அதன்மேல் கம்பி வலை, வலைக்கு அடியில் இரண்டு குட்டி ஃபேன்.

"கூலிங் ஸ்டாண்டுங்க. இதுமேல லேப்டாப்பை வெச்சுட்டா அடியிலிருந்து காத்து வரும். சூடே ஆகாது."

"அடடே! எனக்காகவா வாங்கினே?"

"உங்களுக்காக எதுக்குங்க? லேப்டாப்புக்காக."

அவர் நெகிழ்ந்துபோய் ஸ்டாண்டைத் தடவிக்கொண்டிருந்தபோதே மேஜை ஃபேன் சமையலறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சங்கதி அவருக்கு உறைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதனால்தான் இன்றைய சபதம். ஸ்டாண்டு ஒன்றுக்கும் உதவாது என்று நிரூபித்தாக வேண்டும். ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஸ்டாண்டு பிரமாதமாக வேலை செய்தது. லேப்டாப் சில்லென்று இருந்தது. அவர்தான் வெந்துகொண்டிருந்தார்.

கதவைச் சாத்தினார். தன்னுடைய கட்டம்போட்ட துண்டை நாலாக மடித்து வலைமேல் விரித்தார். அதன்மேல் லேப்டாப்பை வைத்தார். துண்டின் நுனிகளை உள்ளே செருகி மறைத்தார். பிறகு மூன்று மாடி வீடு ஒன்றைத் திரையில் இப்படியும் அப்படியும் சுழலவிட்டார். கொஞ்ச நேரத்தில் லேப்டாப் உறுமியது, பிறகு அலறியது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"இங்க வா! உன் ஸ்டாண்டு லட்சணத்தை வந்து பாரு!"

மனைவி வந்து லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்து, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயையோ, தோசைக்கல்லு மாதிரி இருக்கே!"

"அப்பவே சொன்னேன்ல?"

"ஆமாங்க, நான்தான் ஏமாந்துட்டேன். லேப்டாப்புக்கு ஃபேன் இருந்தே ஆகணும்."

"எனக்காகவா கேக்குறேன்?" என்றார்.

"தெரியாதா எனக்கு? ஆனா ஃபேனை இங்க வெச்சா கிரீம் உருகிடும். சாயந்திரம் கேக் கொடுத்தாகணும். அதனால ஃபேன் அங்கேயே இருக்கட்டும், லேப்டாப் சமையலறைக்கு வரட்டும். ஒரே காத்துல ரெண்டும் பிழைச்சுக்கும்."

அவர் மறுக்க வாயைத் திறப்பதற்குள் அவள் லேப்டாப்பையும் ஸ்டாண்டையும் சேர்த்தே தூக்கிவிட்டாள்.

"இரு, இரு! அதை நான் கொண்டாறேன்!" துண்டு நினைவுக்கு வந்து அவர் குறுக்கே பாய்ந்தார்.

"நீங்க நாற்காலியைத் தூக்கிட்டு வாங்க. அதுதான் கனம்."

நாற்காலி வாசற்படியில் சிக்கிக்கொண்டது. மல்லுக்கட்டி அதை விடுவித்துக்கொண்டு அவர் சமையலறைக்குள் நுழைந்தபோது, ஸ்டாண்டும் லேப்டாப்பும் மேஜைமேல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. மனைவி முதுகைக் காட்டியபடி முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். முகத்தை எட்டிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் இடத்தின் அருமை புரிந்தது. ஃபேனிலிருந்து கிளம்பிய காற்று முதலில் கேக்கை விசாரித்தது. அப்புறம் லேப்டாப் திரையின் முதுகில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து போனது. திரைக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் ஓவன். புருவத்திலிருந்து தெறித்த ஒரு சொட்டு, திரையில் வரைபடத்தின் குளியலறை இருந்த இடத்தில் சரியாகப் போய் ஒட்டியது.

மெதுவாகக் கை நீட்டி ஃபேனின் தலையைத் தன் பக்கம் திருப்பினார்.

"என்னங்க பண்றீங்க? லேப்டாப்புக்குப் படாதே!"

"இல்ல... எனக்கும் கொஞ்சம்..."

"உங்களுக்கா?" மனைவி ஆச்சரியப்பட்டாள். "உங்களுக்காகவா கேட்டீங்க?"

அவர் ஃபேனைப் பழையபடியே திருப்பி வைத்தார். ஆனாலும் சபதம் இன்னும் சாகவில்லை. லேப்டாப் இங்கேயும் கொதிக்கிறது என்று காட்டிவிட்டால் போதும், ஃபேனோடு தன் அறைக்குத் திரும்பிவிடலாம். அடியில்தான் துண்டு இருக்கிறதே! மூன்று மாடியையும் மறுபடி சுழலவிட்டார். போதாதென்று மொட்டை மாடியில் ஒரு நீச்சல் குளமும் கட்டினார். லேப்டாப் வாயே திறக்கவில்லை. தொட்டுப் பார்த்தார், பானைத் தண்ணீர் மாதிரி குளுகுளுவென்று இருந்தது.

வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. சட்டைக் கையால் துடைக்கப் போனார்.

"சட்டையில துடைக்காதீங்க," என்று மனைவி கட்டம்போட்ட துண்டை நீட்டினாள். "இந்தாங்க. இன்னும் கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்."